ஞானஸ்நானத்தின் பொருளும் கேத்தியின் பன்னிரண்டு ஆண்டுகளும்

உதகமண்டலத்திற்கும் குன்னூருக்கும் நடுவிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கில் பாசல் மிஷனார் 1846ஆம் ஆண்டில் ஊழியம் தொடங்கினர். சென்னை மாகாணத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற காசமேஜர் துரை அவர்களை ஆதரித்து, 1849இல் மரித்தபோது தமது உடைமையையும் அவ்வூழியத்திற்கே விட்டுச் சென்றார். பள்ளி இருந்தது, ஹட்டி எனப்படும் படகர் சிற்றூர்கள்தோறும் சென்று பேசும் போதகரும் இருந்தனர். எனினும், படகருள் முதல் ஞானஸ்நானம் நிகழ்ந்தது 1858இல்தான். இத்தாமதத்திற்கு மலைமக்களின் மனக்கடினமே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. அவர்கள் ஞானஸ்நானத்தின் பொருளை நன்கு உணர்ந்திருந்தமையே தயங்கச் செய்தது என்று நாம் கருதுகின்றோம். அப்பொருள் யாதென வேதாகமத்தினின்று முதற்கண் காண்போம்.

ஸ்நானம் என்னும் சொல் நம்மைச் சற்றே வழிதப்பச் செய்கிறது. நம் நாட்டில் நீராடுதல் தீட்டைக் கழிக்கும். இன்று கழிந்த தீட்டு நாளை வரும், மீண்டும் நீராடலாம். கிரேக்க மூலத்திலுள்ள ‘பப்திஸோ’ என்னும் வினையோ அமிழ்த்துதலைக் குறிப்பது; கப்பல் கடலில் அமிழ்ந்து போதற்கும் கிரேக்கர் அதை வழங்கினர். 1995இல் வெளியான திருவிவிலியத்தின் ‘திருமுழுக்கு’ மூலத்திற்குச் சிறிது அண்மையது எனலாம். சரீர அழுக்கை நீக்குதல் இதன் கருத்தன்று என்று பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே மறுக்கிறது. மாற்கு 10ஆம் அதிகாரத்தில், செபெதேயுவின் குமாரர் உயர்ந்த ஆசனங்களை வேண்டிநிற்க, இயேசு தாம் பெறப்போகும் ஞானஸ்நானத்தை அவர்களும் பெறக்கூடுமோ என வினவுகின்றார். யோர்தானில் அவர் முன்னமே முழுகியவரன்றோ? இங்கே அச்சொல் சுட்டுவது அவர்தம் மரணத்தையே. பவுல் அப்போஸ்தலன் ரோமர் 6ஆம் அதிகாரத்தில் இதனை முற்றும் விரித்து, ஞானஸ்நானம் பெற்றவன் கிறிஸ்துவோடு மரித்து அடக்கம் பண்ணப்பட்டான் என்றும், அவரோடே புதிய ஜீவனில் நடக்கவேண்டியவன் என்றும் எழுதுகின்றார். ஆற்றில் இறங்குதல் கல்லறையில் இறங்குதலாயிற்று. தெளிப்பதா, முழுக்குவதா, குழந்தைகட்குக் கொடுப்பதா என்னும் வழக்குகள் சபைகளுக்கு உரியன. அவற்றுள் நாம் புகோம்.

இனிப் படகரின் பழைய ஈமச்சடங்கை நோக்குக. பிரேதத்தின் அருகே முதியவர் ஒருவர் நின்று, இறந்தவன் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக ஓதுவார். எல்லைக்கல்லைப் பெயர்த்ததும், பாம்பையும் பல்லியையும் கொன்றதும், உறவினரைப் பிரித்ததும் அவ்வரிசையில் வரும். கூடியிருப்போர் அது பாவமே என்று உடன்மொழிவர். 1,300 பாவங்கள் என மொத்தமாகச் சொல்வதும் உண்டு. அவையனைத்தும் ஒரு கன்றின்மேல் ஏற்றப்பட்டு, கன்று அவிழ்த்துவிடப்படும். இதைக் கண்ட ஐரோப்பியர் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்திற்கு விடப்படும் வெள்ளாட்டுக்கடாவை நினைத்து வியந்தனர். வியப்பு தக்கதே. ஆயினும் ரோமர் 6ஆம் அதிகாரமே இதற்கு இன்னும் நெருங்கிய ஒப்பு என்பது நம் துணிபு. பாவம் நீங்குதற்கு ஒரு மரணமும், அதற்குச் சாட்சியாக ஒரு கூட்டமும் வேண்டும் என்பதை ஹட்டியார் முன்பே அறிந்திருந்தனர். போதகரோ அம்மரணத்தை உயிரோடிருக்கும்போதே ஏற்றுக்கொள் என்றார்.

அங்ஙனம் ஏற்பவனுக்குப் பின்பு யார் சுற்றம்? கலாத்தியர் 3ஆம் அதிகாரம், கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றோரிடை யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன், ஆண், பெண் என்னும் வேற்றுமை இல்லை என்கிறது. பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் ஞானஸ்நானம் பெற்ற அவ்விரவிலேயே, தான் தொழுமரத்தில் மாட்டிவைத்திருந்த கைதிகளைத் தன் வீட்டிற்கு அழைத்து உணவு படைத்தான். உடனுண்ணுதல் யாது என்பதை நம் நாட்டாருக்கு விளக்கவேண்டுவதில்லை. ஒரு புதுப்பந்தியில் அமர்பவன் பழைய பந்தியை இழக்கவும் கூடும். பெண் கொடுத்தலும் கொள்ளலும் அதனோடு போகும். அவன் இறக்கும் நாளில் ஹட்டியார் கூடி அவனுக்காக அப்பாவ வரிசையை ஓதுதலும் போகும். அவ்விழப்பிற்கு ஈடாக மெய்யான ஒரு சுற்றம் கிட்டாவிடில், அவன் மிஷன் துரையின் ஆளாய் மட்டுமே எஞ்சுவான். கொரிந்து சபையில் இவ்வபாயம் தோன்றியபோது பவுல், தம் கையால் ஞானஸ்நானம் பெற்றோர் சிலரே என்று தேவனை ஸ்தோத்திரித்தார். ஆண்டறிக்கைகளில் தலை எண்ணுவோர் 1 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தை அடிக்கடி வாசித்தல் நன்று.

அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி வழியோரத் தண்ணீரைக் கண்டு, தான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறான். ரதம் நிற்கிறது, இருவரும் இறங்குகின்றனர், கரையேறியபின் அவன் சந்தோஷத்தோடே தன் வழியே போகிறான். 1858இல் கேத்தியில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு அத்தகைய நெடுவழி இல்லை. அவர் பிறந்த மக்களின் ஹட்டிகள் அதே மலைச்சரிவுகளில் கண்ணெதிரே இருந்தன.