சாதாரணப் பூட்டா, மறுநுழைவுப் பூட்டா?

தாமலைச் சுற்றியுள்ள தறிகளுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்து, நெய்து வந்த சேலைக்குக் கூலி வழங்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுத முனைபவருக்கு, பல கணினிகளிலிருந்து ஏககாலத்தில் வரும் பற்று வரவுகளைத் தனித்தனி த்ரெட்கள் கையாளும்போது இருப்பு சிதையாதிருக்க ஒரு பூட்டு அவசியம் என்பதில் விவாதமில்லை. எந்தப் பூட்டு என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

‘சரிகை வழங்கு’ என்னும் செயற்கூறு பூட்டைப் பிடித்தபடியே ‘இருப்பைக் கூறு’ என்பதை அழைக்க, அதுவும் அதே பூட்டைக் கேட்குமானால், சாதாரணப் பூட்டில் (மியூடெக்ஸில்) அந்த த்ரெட் தான் விடவேண்டிய பூட்டுக்குத் தானே காத்து நின்றுவிடும். மறுநுழைவுப் பூட்டோ, பிடித்தவனை அடையாளம் கண்டு மீண்டும் அனுமதித்து, பிடித்த தடவைகளை எண்ணி வைத்து, அத்தனை தடவையும் விடுவித்த பின்னரே பிறருக்கு வழிவிடும். பைத்தானின் ஆர்லாக்கும், சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்த ரிகர்சிவ் மியூடெக்ஸும் இவ்வகையின. ஜாவாவின் சிங்க்ரனைஸ்ட் இயல்பிலேயே இத்தகையது. கோ மொழியின் செந்தர நூலகம் இதைத் தரவேயில்லை.

சௌகரியம்தான், விபரீதமும் அதிலேயே இருக்கிறது. இரண்டு மார்க் சரிகை கிடங்கில் கழிந்து, நெசவாளர் பற்றில் இன்னும் ஏறாதிருக்கும் இடைக்கணத்தில், அதே த்ரெட் உள்ளே மறுபடி நுழைந்து மொத்தத்தைக் கூட்டினால், பூட்டு ஆட்சேபிக்காது. கணக்கு மட்டும் இரண்டு மார்க் குறையும். சாதாரணப் பூட்டாயின் நிரல் அங்கேயே நின்று, பிழை முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். நின்றுபோன நிரலைத் தேடிப் பிடிப்பது சுலபம். ஆண்டிறுதித் தணிக்கையில் முளைக்கும் வித்தியாசத்தைத் தேடுவது அப்படியன்று.

சரக்கு வரும்வரை காத்திருக்கக் கண்டிஷன் வேரியபிளைப் பிரயோகிப்பவருக்கு இன்னொரு சங்கடம்: போசிக்ஸ் முறையில் ஈரடுக்காகப் பிடித்த பூட்டோடு காத்திருந்தால் அது முழுவதும் விடுபடாமற்போகலாம், சரக்கை வரவு வைக்கவேண்டிய த்ரெட் வெளியிலேயே நிற்கும். ஜாவாவும் பைத்தானும் எல்லா அடுக்குகளையும் விட்டுவிடுவதால் அங்கே இந்த அபாயமில்லை.

எழுதியவர் எங்கோ போய்விட்ட பழைய நிரலைத் திருத்தும் நிர்ப்பந்தத்திலும், எந்த வழியாகத் திரும்பி வருமென்று முன்கூட்டி அறியமுடியாத கால்பேக் அழைப்புகளிலும், மறுநுழைவுப் பூட்டை எடுப்பதில் குற்றமில்லை. புதிதாக எழுதுவோர் சாதாரணப் பூட்டையே கொள்ளுங்கள்; வெளியிலிருந்து அழைக்கப்படும் செயற்கூறுகள் மட்டும் பூட்டைப் பிடிக்கட்டும், உள்ளே உழைப்பவை அது பிடிபட்டிருப்பதாகவே கொண்டு இயங்கட்டும்; சோதனைக் காலத்தில் போசிக்ஸின் பிழைகாட்டும் மியூடெக்ஸை வைத்தால், இரண்டாம் முறை பிடிக்கும்போது அது உறையாமல் பிழையெண்ணைத் திருப்பித் தரும்.