பப்ளிக் ஃபோல்டர்: கொண்டுபோவதா, விட்டுவிடுவதா?

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்குமான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் பல அலுவலகங்களில் சர்வர் மாற்றும் வேலை நடக்கிறது. சிலர் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்குப் போகிறார்கள், சிலர் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு. ஊழியர்களின் மெயில்பாக்ஸை மாற்றுவதில் பெரிய குழப்பம் வராது, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். சிக்கல் பப்ளிக் ஃபோல்டர்களில்தான். 1996-ல் வந்த எக்ஸ்சேஞ்ச் 4.0 காலத்து வசதி அது. யாரோ ஒருவர் ஒரு திட்டத்துக்காகத் தொடங்கியிருப்பார், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், ஃபோல்டர் மட்டும் கிளை விட்டு வளர்ந்திருக்கும்.

எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு போனால் மாற்றம் இழுத்துக்கொண்டே போகும், பழைய குப்பையும் புதிய இடத்துக்கு வந்து சேரும். தேதியைப் பார்த்து அழித்தால் யாரோ ஒருவருடைய அன்றாட வேலை நின்றுபோகும். எது புழக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான்கு வழிகள் உண்டு. ஒரு ஃபோல்டர் புழக்கத்தில் இருப்பதை முதல் மூன்றில் ஏதாவது ஒன்று காட்டிவிடலாம். புழக்கத்தில் இல்லை என்று சொல்ல அவை மூன்றும் சேர்ந்தாலும் போதாது.

முதல் வழி சர்வர் தரும் புள்ளிவிவரம். கெட்-பப்ளிக்ஃபோல்டர்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளை போதும். ரிசல்ட்சைஸ் அன்லிமிடெட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள், பெரிய நிறுவனத்தில் அது இல்லாவிட்டால் பட்டியல் பாதியில் நின்றுவிடும். அடுத்து, உங்கள் சர்வர் எந்தப் பதிப்பு என்பது முக்கியம். எக்ஸ்சேஞ்ச் 2010 வரை, பயனர் ஒருவர் கடைசியாக ஃபோல்டரைத் திறந்த நேரம் தனியாகவும் மாற்றிய நேரம் தனியாகவும் கிடைக்கும். 2013-ல் பப்ளிக் ஃபோல்டர்கள் தனி டேட்டாபேஸிலிருந்து மெயில்பாக்ஸுக்குள் போனபோது, திறந்த நேரம் அந்தப் பட்டியலிலிருந்து போய்விட்டது. மிஞ்சியது கடைசியாக மாற்றிய நேரம் மட்டும்.

இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் இருக்கும் காண்டாக்ட்ஸ் ஃபோல்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருக்கும் பெண் அதை நாளெல்லாம் திறந்து பார்க்கிறார். எண் சேர்ப்பதோ திருத்துவதோ எப்போதாவதுதான். 2016 சர்வரில் அந்த ஃபோல்டரின் தேதி மூன்று வருடம் பழையதாகக் காட்டும். அதிகம் புழங்கும் ஃபோல்டர் பட்டியலின் அடியில் கிடக்கும். அதனால் காண்டாக்ட்ஸ், காலண்டர் வகை ஃபோல்டர்களைத் தேதியை வைத்து ஒருபோதும் கழிக்காதீர்கள். மெயில் மட்டும் சேரும் ஃபோல்டருக்குத் தேதி ஓரளவு உதவும். அதிலும் ஃபோல்டரின் தேதியை விட உள்ளே இருக்கும் கடைசி மெயிலின் தேதியே நம்பத்தக்கது, கெட்-பப்ளிக்ஃபோல்டர்ஐட்டம்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அதைத் தரும்.

2010 வைத்திருப்பவர்களுக்கு வேறு பொறி. அங்கே ஒரே ஃபோல்டரின் நகல் இரண்டு மூன்று சர்வர்களில் இருக்கலாம், புள்ளிவிவரமோ சர்வருக்குச் சர்வர் தனி. தலைமை அலுவலக சர்வரில் யாரும் தொடாத ஃபோல்டர் கிளை அலுவலக சர்வரில் தினமும் திறக்கப்படலாம். ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாக எடுத்து, கிடைத்ததில் மிகச் சமீபத்திய தேதியை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேரெதிரான மயக்கமும் உண்டு. அவுட்லுக்கில் ஒருவர் ஃபோல்டரை ஃபேவரிட்ஸில் போட்டு, அதைக் கணினியில் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருந்தால், அவர் பார்க்காத நாளிலும் அவுட்லுக் போய்த் தொட்டுவிட்டு வரும்.

இரண்டாவது வழி மெயில் வரத்தைப் பார்ப்பது. மெயில் முகவரி உள்ள ஃபோல்டர்களுக்கு மட்டும் பொருந்தும், ஆனால் அவற்றுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கெட்-மெயில்பப்ளிக்ஃபோல்டர் மூலம் முகவரிகளை எடுத்து, மெசேஜ் டிராக்கிங் லாகில் தேடுங்கள். அந்த லாக் இயல்பாக 30 நாள்தான் தங்கும், ஒதுக்கிய இடம் நிறைந்தால் அதற்கு முன்பே பழையவை போய்விடும். மாற்றத்துக்குத் தேதி குறித்த அன்றே நாளையும் இடத்தையும் கூட்டி வைத்துவிடுங்கள், பின்னால் கூட்டினால் போன லாக் திரும்பாது. ஃபோல்டரின் முகவரி ஏதாவது மெயில் குழுவில் உறுப்பினராக இருக்கிறதா என்றும் பாருங்கள். யார் அனுப்புகிறார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அனுப்புவது ஸ்கேனரோ பேக்கப் மென்பொருளோ என்றால், மெயில் வருகிறது, படிக்க ஆள் இல்லை என்று பொருளாகலாம். உள்வரும் கடிதங்களை ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போட்டுவிட்டு, தணிக்கைக்கு மட்டும் திறக்கும் அலுவலகங்களும் உண்டு. இரண்டையும் லாக் ஒரே மாதிரிதான் காட்டும்.

அங்கேதான் மூன்றாவது வழி வேண்டும்: ஆளைக் கேட்பது. கெட்-பப்ளிக்ஃபோல்டர்கிளையண்ட்பர்மிஷன் கொடுத்தால் யாருக்கு ஓனர் உரிமை, யாருக்கு எழுதும் உரிமை என்று தெரியும். வேலையில் இல்லாதவர்களின் பெயரை அடித்துவிட்டு, மிச்சமிருப்பவர்களிடம் நேரில் போங்கள். எல்லோருக்கும் பொது மெயில் போட்டால் பதில் வராது. கேட்கும் விதமும் முக்கியம். “இந்த ஃபோல்டர் வேணுமா மேடம்?” என்றால், “இருக்கட்டும் சார், எதுக்காவது வேணும்னா?” என்றுதான் பதில் வரும். “கடைசியா இதை எதுக்காகத் திறந்தீங்க?” என்று கேளுங்கள். பயன்படுத்துபவர் ஒரு வேலையைச் சொல்வார், பயன்படுத்தாதவர் யோசிப்பார். கேட்டதையும் சொன்னவர் பெயரையும் பட்டியலிலேயே எழுதி வையுங்கள்.

சில பத்து ஃபோல்டர்களே உள்ள சின்ன அலுவலகம் என்றால் புள்ளிவிவரத்தில் நேரம் போக்காமல் நேராக இங்கிருந்தே தொடங்குவேன். ஆயிரக்கணக்கில் இருந்தால் முதல் இரண்டு வழிகளும் சலித்துக் கொடுத்த பிறகுதான் ஆளைத் தேட வேண்டும்.

நான்காவது வழி பூட்டிப் பார்ப்பது. யாரும் உரிமை கோராத ஃபோல்டரின் அனுமதிகளை முதலில் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு டிஃபால்ட் உரிமையையும் தனிப் பெயர்களின் உரிமையையும் எடுத்துவிடுவது. தேவைப்படுபவர் போன் செய்வார், சில நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அழித்துப் பார்ப்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல். மெயில் முகவரி உள்ள ஃபோல்டரில் மட்டும் அனானிமஸ் உரிமையில் கை வைக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் மெயில் உள்ளே நுழைவது அந்த உரிமையால்தான். அதை எடுத்தால் உங்களுக்குப் போன் வராது, மெயில் அனுப்பிய வாடிக்கையாளருக்குத்தான் திரும்பிப் போகும்.

எத்தனை நாள் பூட்டி வைப்பது? அந்த ஃபோல்டரின் வேலைச் சுற்று முடியும் வரை. விடுப்புக் காலண்டருக்கு ஒரு மாதம் போதும். கணக்குப் பிரிவின் ஃபோல்டர் என்றால் மார்ச் 31-ஐத் தாண்டி, தணிக்கை முடியும்வரை பொறுக்க வேண்டும். மாற்றம் அதற்கு முன்பே என்றால் அந்த ஃபோல்டரைக் கொண்டுபோய்விடுங்கள், விவாதமே வேண்டாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. யாரும் திறக்காத ஃபோல்டரில் அப்படிப்பட்ட ஒரு வவுச்சரின் ஒரே பிரதி கிடக்கலாம். அதனால் அழிக்கும் பட்டியலில் சிஸ்டம் அட்மின் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது, கணக்குப் பிரிவும் போட வேண்டும்.

புழக்கத்தில் இருப்பவை எல்லாம் பப்ளிக் ஃபோல்டராகவே போக வேண்டியதில்லை. மெயில் வந்து நாலைந்து பேர் பதில் போடும் ஃபோல்டருக்கு ஷேர்டு மெயில்பாக்ஸே பொருத்தம். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 50 ஜிபி வரை அதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. ஆழமான கிளைகளும் கிளைக்கொரு அனுமதியும் உள்ளவற்றைப் பப்ளிக் ஃபோல்டராகவே கொண்டுபோங்கள், பிரித்து அடுக்கும் உழைப்பு வீண். கொண்டுபோகும் ஃபோல்டர்களின் பெயர்களில் சாய்கோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், மைக்ரேஷன் அங்கேதான் தடுக்கி நிற்கும். பூட்டியும் யாரும் கேட்காதவற்றை அவுட்லுக் வழியாகப் பிஎஸ்டி கோப்பாக எடுத்து, அனுமதிப் பட்டியலோடு ஒரே இடத்தில் வைத்து, அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை எழுதிய பிறகு பழைய சர்வரை நிறுத்தலாம்.