காலி வண்டியும் லோடு வண்டியும்

ஹெவி லைசென்ஸ் எடுக்க வரும் தம்பிகளுக்கு:

1. முதலில் கார் லைசென்ஸ். அது கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகாமல் ஹெவிக்கு எல்.எல்.ஆர். கிடைக்காது, வயசும் 20 ஆகியிருக்கணும். அந்த ஒரு வருஷத்தை வீணாக்காதே. நல்ல டிரைவராகப் பார்த்து கிளீனராக ஏறிக்கொள். சங்ககிரியில் நான் ஏறியது அப்படித்தான்.

2. டாக்டர் சர்டிபிகேட், டிரைவிங் ஸ்கூலின் படிவம் 5 இரண்டும் வேண்டும். வண்டியைத் தொடாமலே படிவம் வாங்கித் தருகிறேன் என்பவன் பக்கம் போகாதே. முன்பு எட்டாம் வகுப்பு கேட்டார்கள், 2019-ல் எடுத்துவிட்டார்கள்.

3. திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடது பக்கம் நுழைந்த பைக் கண்ணாடியில் விழாமலும் போகும். டெஸ்டில் கம்பு சாய்ந்தால் மறுபடி வரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

4. டெஸ்டில் ஓட்டுவது காலி வண்டி. லோடு வேறு சங்கதி. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. ஸ்டீயரிங் பிடித்த புதிதில் நானும் பிடித்தேன். பாதி இறக்கத்தில் மிதிக்கிறேன், பிரேக் பிடிக்கவில்லை. லைனர் கருகும் நாற்றம் கேபினுக்குள் வருகிறது. மிதிக்க மிதிக்க காற்று மீட்டரின் முள் இறங்குகிறது. ஓரத்து மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். கிளீனர் பையன் குதித்துக் கட்டை போட்டான். அப்புறம் சேலம் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. அதையும் இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிடு. நடுவில் தேடினால் கியர் விழாது.

5. காலையில் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டு. காற்றிருந்தால் கம்பி துள்ளும், இல்லாவிட்டால் மந்தமாகக் கேட்கும். இரட்டை டயரில் உள் டயர் இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

6. பஸ்ஸுக்குப் போகிறவனுக்கு: சிமெண்ட் மூட்டை எழுந்து நிற்காது, ஆள் நிற்பான். கண்டக்டர் விசில் கொடுத்தாலும் படியை ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டு கிளட்சை விடு.

7. ஹெவியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். பெட்ரோல், கேஸ் டேங்கர் என்றால் தனிப் பயிற்சி உண்டு. என் லைசென்ஸ் முடியும் தேதியை கண்ணாடிக்கு மேலே சாக்பீஸால் எழுதி வைத்திருப்பேன், முருகன் படத்துக்குப் பக்கத்தில்.