மழலையின் வயிற்றுப்போக்கும் வீட்டுப் பராமரிப்பும்
(உயர்நிலை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பாடக் கட்டுரை)

எடிசனிலோ, ஃபிரீமாண்ட்டிலோ, ஷுகர்லேண்டிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் இருவரும் பணிக்குச் சென்றிருப்பர். தாயகத்திலிருந்து ஆறு திங்கள் தங்க வந்த பாட்டியாரின் மடியில் நான்கு மாதக் குழந்தை இருக்கும். திடீரென்று குழந்தை பாலைக் கக்குகிறது, நீராகக் கழிகிறது. "மாந்தம்" என்கிறார் பாட்டியார். "வைரஸ்" என்கிறார் தொலைபேசியில் மருத்துவர். இரு சொற்களுக்கும் இடையில் குழந்தை வாடிவிடக் கூடாது. அதற்கு வேண்டிய அறிவை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

மழலையர்க்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸ் கிருமிகளால் விளைவது. அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று ரோட்டா வைரஸ். 1973-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய நாட்டு மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். நுண்ணோக்கியில் சக்கரம் போலத் தோன்றுவதால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் இப்பெயர் பெற்றது. மற்றொன்று நோரோ வைரஸ். 1968-இல் ஒஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில் பரவிய நோயிலிருந்து இதன் பெயர் பிறந்தது.

இக்கிருமிகளைக் கொல்லும் மருந்து வழக்கில் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் சில நாள்களில் தானே அடங்கும். ஆயின் அதற்குள் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. குழந்தையின் உயிருக்கு ஊறு செய்வது பெரும்பாலும் இந்த நீரிழப்பே. எனவே இழந்ததை ஈடு செய்வதே மருத்துவத்தின் உயிர்நாடி.

உப்பும் சர்க்கரையும் கைகோத்த கதை

வெறும் நீரைக் கொடுத்தால் போதாதா என்று மாணவர் வினவலாம். போதாது. நியூ ஜெர்சியில் பிறந்து, பிற்காலத்தில் அம்மாநிலத்து ரட்கர்ஸ் மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக விளங்கிய ராபர்ட் கிரேன் என்பார் 1960-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாயிலின் வழியாக இணைந்தே உள்ளே செல்கின்றன என்பதே அது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. கழிச்சல் நோயிலும் இவ்வாயில் முற்றும் அடைபடுவதில்லை. ஆகவே உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் கலந்த நீரைக் குடல் ஏற்றுக்கொள்கிறது.

1968-இல் டாக்கா நகரில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய இளம் மருத்துவர்கள் காலரா நோயாளர்க்கு இத்தகைய கரைசலைக் கொடுத்து வெற்றி கண்டனர். 1971-இல் வங்கதேசப் போரின் காரணமாக அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் புகுந்தனர். எல்லையோர ஊராகிய பங்கானில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீரலாயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த பொட்டலங்களை நீரில் கரைத்து, நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதை எட்டியிருந்த இறப்பு, இம்முறையால் நான்குக்கும் கீழாகக் குறைந்தது. ஊசியும் குழாயும் செய்த பணியைத் தாயின் கையும் ஒரு கோப்பையும் செய்ய முடியும் என்பதை உலகம் அறிந்துகொண்டது. 2022-இல் மறைந்த அவருக்கு, 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தியமைத்த அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் சேர்க்கப்படுகின்றன.

வீட்டில் செய்ய வேண்டுவன

1. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. அடிக்கடி, சிறிது சிறிதாக ஊட்டுக. புட்டிப்பால் அருந்தும் குழந்தைக்கு அதே பாலை வழக்கமான அளவில் கலந்து கொடுக்க, நீர்க்கச் செய்யற்க.

2. உப்புச்சர்க்கரைக் கரைசலை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க. இந்நாட்டு மருந்துக் கடைகளில் பீடியாலைட் போன்றவை கலந்த நிலையிலேயே கிடைக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலமாயின், 200 மில்லி லிட்டருக்கு உரியதா, ஒரு லிட்டருக்கு உரியதா என்று உறையைப் படித்தறிக. இங்கு விற்கும் 16.9 அவுன்சு நீர்ப்புட்டிகள் இரண்டு சேர்ந்தால் ஒரு லிட்டர் ஆகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுக.

3. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியாலோ பாலாடையாலோ 5 மில்லி லிட்டர் வீதம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை புகட்டுக. விரைந்து கொடுத்தால் மீண்டும் வாந்தி வரும். பொறுமையே இங்கு மருந்து.

4. திட உணவு உண்ணத் தொடங்கிய குழந்தைக்குக் குழைந்த சோறு, வாழைப்பழம் முதலிய பழகிய உணவைக் கொடுக்கலாம்.

5. ஈரமான டயப்பர்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் தாளில் குறித்துவைக்க. மருத்துவர் முதலில் கேட்பது அதுவே.

6. டயப்பர் மாற்றியபின் சோப்பும் நீரும் கொண்டு கைகழுவுக. சாராயம் கலந்த கைத்தூய்மிகள் நோரோ வைரஸை நன்கு அழிப்பதில்லை.

தவிர்க்க வேண்டுவன

"வயிற்றைக் காயப்போடு" என்னும் பழைய அறிவுரை மழலைக்குப் பொருந்தாது. பட்டினி நோயை நீட்டிக்கும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு வெறும் நீரைப் புகட்டினால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரக்கூடும். பழச்சாற்றிலும் சோடாவிலும் உள்ள மிகுதியான சர்க்கரை கழிச்சலைப் பெருக்கும். ஓராண்டு நிரம்புமுன் தேன் கூடாது. பெரியவர்கள் உட்கொள்ளும் கழிச்சல் நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைக்குத் தருதல் பேராபத்து. பிள்ளை வளர்ப்பான் என்று போற்றப்படும் வசம்பினை அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 1968 முதலே உணவில் சேர்க்கத் தடை செய்துள்ளது.

எனினும் பாட்டியாரின் அறிவு முழுவதும் ஒதுக்கத்தக்கதன்று. குழந்தையின் தலையைத் தடவி, "உச்சிக்குழி விழுந்திருக்கிறது" என்று அவர் கூறினால், அது நீரிழப்பின் மெய்யான அடையாளம். மருத்துவரும் அதே இடத்தைத்தான் தொட்டுப் பார்க்கிறார். அடையாளம் ஒன்றே, அதற்குச் செய்யும் பரிகாரம்தான் வேறு. வயிற்றில் எண்ணெய் தடவித் தட்டுவதைக் காட்டிலும் கரைசல் புகட்டுவதும், மருத்துவரை அழைப்பதும் உயிர் காக்கும்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், ஆறு மணி நேரமாக டயப்பர் ஈரமாகாமை, வாய் வறட்சி, குழிந்த கண்கள், பச்சை நிற வாந்தி, மலத்தில் குருதி, எதையும் குடிக்க மறுத்தல். எழுப்பியும் விழிக்காத சோர்வோ வலிப்போ கண்டால் 911 அழைக்க.

ஆங்கிலம் அறியாமை தடையாக வேண்டுவதில்லை. கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை அளிக்கக் கடமைப்பட்டவை. "தமிழ்" என்று ஒரு சொல் கூறினாலும் தொலைபேசி வழியே உதவி பெறலாம். வீட்டு முகவரியையும் குழந்தையின் எடையையும் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டிவைப்பது மாணவர் செய்யத்தக்க நற்பணி.

தடுப்பு

ரோட்டா வைரஸுக்கு வாய்வழிச் சொட்டு மருந்து உண்டு. அமெரிக்காவில் 2006-இல் ரோட்டாடெக், 2008-இல் ரோட்டாரிக்ஸ் ஆகியவை உரிமம் பெற்றன. முதல் தவணையைக் குழந்தைக்கு 15 வாரம் நிறையும் முன் தொடங்க வேண்டும்; ஆதலின் இரண்டாம் மாதப் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் கேட்டறிக. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தின் பெருஞ்சோதனை தில்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடையே நிகழ்ந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங் அம்மையார் இத்துறையில் ஆற்றிய பணி உலகறிந்தது. 2016-இல் இந்தியத் தடுப்பூசித் திட்டத்தில் இம்மருந்து சேர்ந்தது.

அருஞ்சொற்பொருள்

நீரிழப்பு – உடலில் நீர் குறைதல்
உச்சிக்குழி – மழலையின் தலை உச்சியில் எலும்பு கூடாத மென்மையான இடம்
பாலாடை – குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு கலம்
கழிச்சல் – வயிற்றுப்போக்கு
பரிகாரம் – தீர்க்கும் வழி

பயிற்சி வினாக்கள்

1. வெறும் நீரைவிட உப்புச்சர்க்கரைக் கரைசல் சிறந்தது ஏன்?
2. பங்கான் முகாமில் உறவினர் ஆற்றிய பங்கு யாது?
3. உச்சிக்குழி பற்றிப் பாட்டியாரும் மருத்துவரும் ஒன்றுபடும் இடம் எது? வேறுபடும் இடம் எது?
4. உம் வீட்டுப் பெரியவர்க்கு, 911 அழைக்கும் முறையைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதிக் கொடுக்க.