தோட்டத்து இலையும் இணையத்துக் கடையும்

நுழையும்முன்

பொருளை ஆக்குபவர் ஒருவர். அதனை வாங்குபவர் மற்றொருவர். இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு, ஆக்குபவரின் வாழ்வை எவ்வாறு பாதிக்கிறது? மலைத்தோட்டம் ஒன்றையும் இன்றைய இணைய வணிகத்தையும் அருகருகே வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மலையடிவாரத்துத் தோட்டம்

கேரள மாநிலம், திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவை அடுத்த மலைப்பகுதியில் அமைந்துள்ளது போனக்காடு. 1868 மீட்டர் உயரமுடைய அகத்தியர் மலைக்குச் செல்வோர் தம் நடைப்பயணத்தைத் தொடங்கும் இடம் இதுவே. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இங்குக் காடு திருத்தித் தேயிலை பயிரிடப்பட்டது. கொழுந்து பறிக்கவும் செடிகளைக் கவாத்து செய்யவும் தமிழகத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் குடியேறின. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்தனர்.

காலப்போக்கில் தோட்டம் நலிவுற்றது. தொழிற்சாலை இயங்காமல் நின்றது. கூலி நிலுவையாயிற்று. பலர் வேறு வேலை தேடி மலையிறங்கினர். சிலர் பழைய லயங்களிலேயே தங்கினர். செடிகள் மரமாக வளர்ந்தன, இயந்திரங்கள் துருப்பிடித்தன.

கொழுந்து பறிக்கும் திறன் தொழிலாளரிடம் இருந்தது. செடியும் மண்ணில் இருந்தது. அவ்வாறாயின், தொழிற்சாலை நின்றவுடன் வாழ்வும் ஏன் தடுமாறியது? விடை தேயிலையின் இயல்பிலேயே உள்ளது. பறித்த கொழுந்தை நெடுநேரம் வைத்திருக்க இயலாது. அதனை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, தரம் பிரித்தால்தான் தேயிலைத்தூள் கிடைக்கும். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக்கொழுந்து தேவைப்படும். இத்தனை வேலைகளையும் பெரிய அளவில் செய்யத் தொழிற்சாலை வேண்டும். தூளான பின்பும் அது நேரே கடைக்குச் செல்வதில்லை. 1861-இல் கல்கத்தாவிலும், 1947-இல் கொச்சியிலும், 1963-இல் குன்னூரிலும் தேயிலை ஏலங்கள் தொடங்கின. அத்தகைய ஏலங்களில் வணிகர்கள் தூளை வாங்கி, பிற தோட்டத் தூள்களுடன் கலந்து, தம் பெயரிட்டு விற்றனர்.

இவ்வாறு, கொழுந்து பறித்த கைகளுக்கும் தேநீர் அருந்தியவருக்கும் இடையே தொழிற்சாலை, தரகர், ஏலம், வணிகர், கடைக்காரர் எனப் பலர் நின்றனர். காலையில் தேநீர் அருந்தியவர் அது எந்த மலையில் விளைந்தது என்பதை அறியார். பறித்தவரும் அது எந்த வீட்டுக்குச் சென்றது என்பதை அறியார். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தபோது, தம் உழைப்பைக் கொண்டுசெல்ல வேறு வழி தொழிலாளர்க்கு இல்லாமற் போயிற்று.

இணையத்தில் தமிழுக்கு இடம் அமைத்தோர்

ஆக்குபவரும் வாங்குபவரும் நேரே பேசிக்கொள்ளும் வாய்ப்பை இணையம் தந்தது. ஆயினும், அப்பேச்சு தமிழில் நிகழ வேண்டுமாயின் கணினி தமிழ் எழுத்துகளை அறிந்திருக்க வேண்டும். அப்பணியில் முன்நின்றவர்களுள் புலம்பெயர்ந்த தமிழர் பலர் இருந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டில் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி, 1995-இல் தமிழ் எழுத்துகளை இணையப் பக்கத்தில் தோன்றச் செய்தார். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் வழியே ‘தமிழ்99’ விசைப்பலகை நிலைபெற்றது. தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி, ‘தேனீ’ என்னும் எழுத்துருவை உருவாக்கி அனைவருக்கும் இலவசமாக வழங்கினார். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ் வலைப்பூக்கள் மலரத் தொடங்கின. அதன்பின் பதிப்பாளரின் துணையின்றியே எவரும் தம் கருத்தையும் தம் பொருளையும் உலகுக்கு அறிவிக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று.

சின்னவீரமங்கலத்து அடுப்பு

இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி முன்னேறியோருக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் சான்றாகும். அங்கு வேளாண்மை செய்துவந்த குடும்பத்து இளைஞர் ஐவரும், சமையலில் தேர்ந்த அவர்தம் தாத்தா பெரியதம்பியும் இணைந்து, 2018-ஆம் ஆண்டில் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்னும் காணொளித் தளத்தைத் தொடங்கினர். வயல்வெளியில் அடுப்பு மூட்டுவர். சேர்க்கும் பொருள்களின் பெயர்களை உரத்த குரலில் சொல்வர். சமைத்த உணவைப் பிறருக்கும் வழங்குவர். காணொளியுடன் வரும் விளம்பரங்கள் அவர்களுக்கு வருவாய் ஈட்டித் தந்தன.

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அத்தளத்தின் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியை எட்டியது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலமாகிய அப்போது, அவர்கள் தமிழக முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினர். அவர்கள் ஊரை விட்டு நகரத்துக்குக் குடிபெயரவில்லை; தம் பேச்சையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஊரின் வயலும் மொழியுமே அவர்களின் முதலாயின.

ஆயினும், இத்தகைய வெற்றி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. இணையத்தில் சிறு வணிகம் நடத்துவோருள் பெரும்பாலோரின் நாள்கள் ஆரவாரமின்றியே கழிகின்றன. அவ்வுழைப்பின் தன்மையையும் அறிதல் வேண்டும்.

ஒரு பொட்டலத்தின் கணக்கு

மலைப்பகுதிக் குடும்பம் ஒன்று, இணையத்தின் வழியே மிளகு விற்கிறது எனக் கொள்வோம். கால் கிலோ மிளகின் அடக்கவிலை 175 ரூபாய். உறைக்கும் அட்டைப்பெட்டிக்கும் 20 ரூபாய். அஞ்சல் செலவு 60 ரூபாய். விற்பனைத் தளத்துக்குத் தரும் கழிவு 35 ரூபாய். ஆக மொத்தம் 290 ரூபாய். விற்கும் விலை 320 ரூபாய் எனின், ஆதாயம் 30 ரூபாய்.

வாங்கியவர் ஒருவர் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்னாகும்? தளம் தன் கழிவைத் திருப்பித் தந்தாலும், போகவும் வரவுமான அஞ்சல் செலவு 120 ரூபாயும், பெட்டிச் செலவு 20 ரூபாயும் நட்டமாகும். அந்த 140 ரூபாயை ஈடுசெய்ய, மேலும் ஐந்து பொட்டலங்கள் விற்றாக வேண்டும். ஆகவே, எடை குறையாமல் நிறுத்தல், ஈரம் புகாமல் மூடுதல், முகவரியைப் பிழையின்றி எழுதுதல் ஆகிய சிறு வேலைகளில்தான் வணிகத்தின் உயிர் இருக்கிறது.

இவற்றுடன் சட்டம் விதிக்கும் கடமைகளும் உண்டு. உணவுப்பொருள் விற்போர், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி பதிவு பெறுதல் வேண்டும். பொட்டலத்தின் மீது பொருளின் பெயர், நிகர எடை, பொதிந்த நாள், விற்பவர் முகவரி முதலியன இடம்பெறல் வேண்டும். காலையில் வந்த வினாக்களுக்கு விடையளித்தல், நண்பகலில் பொதிதல், மாலையில் அஞ்சலகம் செல்லுதல், இரவில் கணக்கெழுதுதல் என ஒரு நாள் முடிகிறது. ஓர் ஆணையும் வராத நாள்களும் உண்டு. அந்நாள்களிலும் புதிய படத்தையோ குறிப்பையோ வெளியிடும் பொறுமையே வணிகத்தை நிலைநிறுத்துகிறது.

சொல்லின் நாணயம்

நேரில் கடைக்குச் செல்பவர் மிளகைக் கையில் எடுத்துப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். இணையத்தில் வாங்குபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. விற்பவர் எழுதும் சொற்களும் காட்டும் படமுமே அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் அமைகின்றன. ‘உலகிலேயே சிறந்த மிளகு’ என்று எழுதுவதில் செய்தி எதுவும் இல்லை. ‘தை மாதம் பறித்து, ஐந்து நாள் வெயிலில் உலர்த்தியது, மழைக்காலத்தில் காற்றுப் புகாத புட்டியில் வைக்கவும்’ என்று எழுதினால், அதில் செய்தியும் அக்கறையும் உள்ளன. மிளகில் பப்பாளி விதை கலப்போர் உண்டு. நீரில் இட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். இச்சோதனையை வாங்குபவருக்குக் கற்பித்து, தம் பொருளையும் சோதிக்கச் சொல்லும் வணிகரை மக்கள் நம்புவர்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் விலைக்கு மிகுதியாகப் பெறாமலும் பொருளைக் குறைத்துத் தராமலும் வாழ்ந்தனர் எனப் பட்டினப்பாலை காட்டுகிறது. துறைமுகம் கைப்பேசியாக மாறிய பின்னும் அவ்வறம் மாறவில்லை.

கதவு யாருடையது?

இணைய வணிகத்திலும் ஓர் இடர் மறைந்துள்ளது. ஒரே ஒரு விற்பனைத் தளத்தை மட்டும் நம்பி இருப்பவர், அத்தளம் கழிவை உயர்த்தினாலோ விதியை மாற்றினாலோ செய்வதறியாது திகைப்பார். காணொளியை மட்டும் நம்பி இருப்பவருக்கும் அதே நிலைதான். ஒரு தொழிற்சாலையை நம்பியிருந்த மலைத்தோட்டத்து வாழ்வை இது நினைவூட்டுகிறது. ஆகவே அறிவுடையோர் வழிகளைப் பலவாக்குவர். தமக்கென ஒரு வலைப்பக்கம் வைத்திருப்பர். வாங்கியவரின் ஒப்புதலுடன் அவர் முகவரியைக் குறித்துவைத்து, அவருடன் தொடர்பைப் பேணுவர். அருகிலுள்ள சந்தையையும் கைவிடார்.

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதற்கு வேண்டிய கருவி ஒன்று முன்னரே உள்ளது. அவர்கள் இரண்டு மூன்று மொழிகளில் பேச வல்லவர்கள். மலையாளத்தில் கேட்கும் வினாவுக்கு மலையாளத்திலும், கோலாலம்பூரிலிருந்து தமிழில் வரும் மடலுக்குத் தமிழிலும் அவர்களால் விடையெழுத இயலும். கொழுந்தைக் கூடையில் நிரப்பிக் கொடுத்த பாட்டிக்கு, அதனைப் பருகியவரிடம் ஒரு சொல் சொல்லும் வாய்ப்பு கிடைக்கவில்லை. பேத்திக்கு அவ்வாய்ப்பு கிடைத்துள்ளது. அச்சொல்லைப் பிழையின்றியும் பொய்யின்றியும் எழுதக் கற்றல் அவள் கடமையாகும்.

சொற்பொருள்

கொழுந்து – செடியின் இளந்தளிர்
கவாத்து செய்தல் – கிளைகளை அளவாக வெட்டிச் சீராக்குதல்
லயம் – தோட்டத் தொழிலாளர்க்குக் கட்டப்பட்ட வரிசை வீடு
நிலுவை – கொடுக்கப்படாமல் நிற்கும் தொகை
கழிவு – விற்பனைக்காகத் தரகருக்கோ தளத்துக்கோ தரும் பங்கு
அடக்கவிலை – பொருளை வாங்கவோ ஆக்கவோ ஆகும் செலவு
நாணயம் – நேர்மை

பயிற்சி

1. தொழிற்சாலை நின்றதும் கொழுந்து பறிப்போர் வாழ்வு தடுமாறியதற்குக் காரணம் யாது?
2. இணையத்தில் தமிழ் இடம்பெற உழைத்தோர் இருவரின் பணியை எழுதுக.
3. பாடத்தில் உள்ள கணக்கில் அஞ்சல் செலவு 70 ரூபாயாக உயர்ந்தால், ஒரு பொட்டலத்தின் ஆதாயம் எவ்வளவு? திருப்பி அனுப்பப்பட்டால் நட்டம் எவ்வளவு?
4. ‘ஒரே தளத்தை நம்பியிருத்தல்’ மலைத்தோட்டத்து வாழ்வோடு எவ்வகையில் ஒத்துள்ளது? விளக்குக.
5. உம் வீட்டில் ஆக்கப்படும் ஊறுகாய், வடகம், பின்னற்பை போன்ற ஒரு பொருளைத் தேர்ந்து, அதனைக் காணாத ஒருவர் அறிந்துகொள்ளுமாறு ஐந்து வரிகளில் எழுதுக. மிகைச்சொல் ஒன்றும் இடம்பெறலாகாது.
6. உம் தாத்தாவோ பாட்டியோ செய்த தொழிலைப் பற்றிக் கேட்டறிந்து, அப்பொருள் யாரிடம் சென்று சேர்ந்தது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.