குடியும் வண்டியும்: பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டிய சட்டம்

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், காளஹஸ்தி வழியாகத் திருப்பதி போகும் சாலை பிரிகின்ற ஊர் நாயுடுபேட்டை. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது நெல்லூரிலிருந்து அதில் சேர்ந்தது. பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பிள்ளைகள் டியூஷனுக்கும் கடைக்கும் சினிமாவுக்கும் போவது லாரியும் பஸ்ஸும் விரைகின்ற இதே சாலையில்தான். அப்பா கடையை விட்டு நகர முடியாது. சரக்கு கொண்டு வர மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கிறோம். சாவி கைமாறும்போது சட்டப் பொறுப்பும் சேர்ந்து மாறுகிறதா? இல்லை, அது நம்மிடமேதான் இருக்கிறது. இந்தப் பாடத்தின் சாரம் இதுவே.

1. எந்த வயதில் எந்த வண்டி?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி, 18 வயது நிறையாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. 16 வயது நிறைந்தவர், உரிமம் பெற்று, 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டியை ஓட்டலாம். ஆனால் இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. ஆகவே "கியர் இல்லாத வண்டிதானே" என்ற சமாதானம் சட்டத்தில் எடுபடாது.

மது விஷயத்தில் வயது வரம்பு இன்னும் அதிகம். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மதுவைக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். கல்யாண வீட்டு மாடியில் "ஒரு வாய் குடித்துப் பார்" என்று நீட்டுகின்ற சித்தப்பாவும் இதில் அடக்கம்.

2. முப்பது மில்லிகிராம் என்பது என்ன?

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்து வண்டி ஓட்டினால் அது 185-வது பிரிவின் கீழ் குற்றம். பிரிட்டனின் பெரும்பகுதியில் இந்த வரம்பு 80 மில்லிகிராம். நம் நாட்டுச் சட்டம் அதைவிடக் கண்டிப்பானது. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ. 10,000 அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 15,000 அபராதம் அல்லது இரண்டும்.

மோர் குடித்தால் இறங்கிவிடும், தலைக்குக் குளித்தால் தெளிந்துவிடும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. மதுவை முறிப்பது பெரும்பாலும் கல்லீரல். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவே குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 11 மணிக்கு ஒருவர் ரத்தத்தில் 120 மில்லிகிராம் இருந்தால், விடியற்காலை 5 மணிக்கும் 30 மில்லிகிராம் மிச்சமிருக்கும். தூங்கி எழுந்து, முகம் கழுவி, முதல் சரக்குக்குப் புறப்படுகிறவரும் குடித்தவர்தான்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். மது அந்த ஒரு விநாடியைத்தான் திருடுகிறது. ஓட்டிப் பழகாத இளவயதினருக்கு, அதே அளவு மதுவில் பெரியவர்களைவிட ஆபத்து அதிகம்.

3. புனே சொல்லும் பாடம்

2024 மே 19-ஆம் தேதி அதிகாலை, புனே நகரின் கல்யாணி நகர் பகுதியில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் விலையுயர்ந்த கார் மோதி, இருசக்கர வண்டியில் சென்ற இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழந்தனர். சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தைகளில் கட்டுரை எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு சிறுவனுக்கு உடனே ஜாமீன் கிடைத்தபோது நாடே கொதித்தது. அதன்பின், சிறுவனின் ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்று போலீசார் வழக்குத் தொடுத்தனர். பெற்றோரும், அரசு மருத்துவமனை டாக்டர்களும் கைதானார்கள். பையனை வயது வந்தவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீசாரின் கோரிக்கையை 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் ஏற்கவில்லை.

இதில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் சிறுவனைச் சிறுவனாகவே நடத்தியது. சிறைக் கதவு திறந்தது பெரியவர்களுக்கு. போலீசாரின் குற்றச்சாட்டு உண்மையானால், பிள்ளையைக் காப்பாற்றச் செய்த காரியமே வீட்டைக் கவிழ்த்தது.

4. பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும்

2019 திருத்தம் 199ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. 18 வயதுக்குட்பட்டவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், காப்பாளரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, ரூ. 25,000 அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டியதைச் செய்தோம் என்று நிரூபிப்பது நம் பொறுப்பு.

நம் குடும்பங்களில் வண்டி பல சமயம் ஊரிலுள்ள மாமா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். அப்படியானால் வேலூரிலோ திருத்தணியிலோ இருக்கின்ற அவரும் வழக்கில் சிக்கலாம்.

காப்பீட்டையும் மறக்கக் கூடாது. உரிமம் இல்லாதவரோ குடித்தவரோ ஓட்டினால் காப்பீட்டுக் கம்பெனி மறுப்புத் தெரிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, வண்டிச் சொந்தக்காரரிடம் அதை வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளிப்பது உண்டு. பல லட்சம் ரூபாய் என்றால் கடையே போய்விடும்.

5. நமக்குள்ள உரிமைகள்

சட்டத்துக்கு அஞ்சுவது வேறு, அறியாமல் நடுங்குவது வேறு. பாஷை தெரியாத ஊரில் இரண்டாவதுதான் அதிகம் நேர்கிறது. கீழ்க்கண்டவற்றை நினைவில் வைப்போம்.

(அ) மது அருந்தியதாக நியாயமான சந்தேகம் இருந்தால், சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி மூச்சுப் பரிசோதனை கேட்கலாம். காரணமின்றி மறுத்தால் அந்த மறுப்பே நமக்கு எதிரான சாட்சியமாகும்.

(ஆ) 185-வது பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். இது 202-வது பிரிவு.

(இ) கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. தெலுங்கு வாசிக்கத் தெரியாதவர் இதைத் தயங்காமல் கேட்கலாம். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

(ஈ) கைதானவர் தமக்கு விருப்பமான வக்கீலைக் கலந்துகொள்ளலாம். உறவினருக்குத் தகவல் தர வேண்டியது போலீசாரின் கடமை.

(உ) 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் கொண்டு வர வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகை வெளியிடக் கூடாது.

(ஊ) பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. குழந்தைகள் உதவிக்கு 1098.

6. விபத்து நேர்ந்துவிட்டால்

ஓடக் கூடாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசாருக்குத் தெரிவிப்பதும் ஓட்டியவரின் சட்டக் கடமை. கூட்டம் கைநீட்டும் என்று அஞ்சினால் பத்திரமான இடத்துக்குப் போய் உடனே 108-க்கும் 112-க்கும் போன் செய்யலாம். வழிப்போக்கராக உதவுகிறவரை 134ஏ பிரிவு காக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தால், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. சிறார் சட்டத்தின் பாதுகாப்பு 18 வயதோடு முடிகிறது. கல்லூரி முதலாண்டு மாணவன் வீட்டுக்குக் குழந்தை, சட்டத்துக்கு அல்ல. நிலுவையிலுள்ள குற்ற வழக்கு பாஸ்போர்ட்டையும் தடுக்கும்.

7. வீட்டில் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டிலிருந்து சென்ற "தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு" வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-இல் நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆகவே கோர்ட்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. வீட்டில் ஓர் ஏற்பாடு வேண்டும்.

வண்டிச் சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். உரிமம் வரும்வரை சைக்கிளும் பஸ்ஸும் போதும். அதற்கும் மேலாக, பிள்ளையிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்: "நீ குடித்திருந்தாலும் சரி, உன்னை அழைத்து வருகிறவன் குடித்திருந்தாலும் சரி, எந்த நேரமானாலும் போன் செய். நான் வந்து கூட்டிப் போகிறேன். அன்று இரவு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், மறுநாள் பேசுவோம்." அடிக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் தள்ளாடியபடி வண்டியை எடுக்கிறார்கள். இந்த வாக்கைக் கொடுப்பவர், கொடுத்தபடி நடக்கவும் வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து தாமே குடித்துவிட்டு வண்டியோட்டி வருகிற அப்பா எத்தனை சொன்னாலும் பிள்ளையின் காதில் ஏறாது.

குடும்பத்தோடு பேச வினாக்கள்

1. நம் வீட்டு வண்டிகள் யார் பெயரில் உள்ளன? காப்பீடு எந்தத் தேதி வரை?
2. நம் வீட்டில் யாருக்கு எந்த வண்டி ஓட்ட உரிமம் உள்ளது?
3. இரவில் பிள்ளை அழைத்தால் யார் போவது? அவரால் முடியாவிட்டால் அடுத்தது யார்?
4. தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்து, நள்ளிரவிலும் ஸ்டேஷனுக்கு உடன் வரக்கூடியவர் யார்? அவரது எண் நம்மிடம் இருக்கிறதா?

நான்காம் கேள்விக்கு விடை இல்லாத குடும்பங்கள் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு கலந்து இன்றே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது.