எண்ணைச் சொல்வது உணர்கருவி, பொருளைச் சொல்வது எது?

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் ஆலைகளும், கம்பியாக உருட்டும் ஆலைகளும் பல உள்ளன. உலையின் வெப்பநிலையை வெப்ப மின்னிரட்டையால் அளக்கலாம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த அளவைப் பெற்றுக் கணக்கிடும் கணிப்பொறிப் பலகையும் உலைக்கு அருகே ஓர் இரும்புப் பெட்டிக்குள் சூடாகிக்கொண்டுதானே இருக்கும்? அதன் சூட்டை யார் அளப்பது?

பலகையிலேயே இதற்கென உணர்கருவிச் சில்லுகள் உண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.பி. 423 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். அது நான்கு இடங்களின் வெப்பநிலையை அளக்கும். ஓர் இடம் அச்சில்லின் உட்புறமே. மற்ற மூன்று இடங்களில் டையோடாக இணைக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைப் பொருத்தி, கம்பித் தடங்களால் சில்லுடன் சேர்த்துவிடுவர். ஒவ்வோர் அளவீட்டு வழிக்கும் சேனல் என்று பெயர்.

டையோடு வெப்பமானி ஆவது எப்படி?

டையோடின் வழியே முதலில் ஒரு சிறு மின்னோட்டத்தையும், பிறகு அதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தையும் செலுத்துவோம். இரு நிலைகளிலும் டையோடின் மின்னழுத்தம் சற்று வேறுபடும். இந்த வேறுபாடு தனி வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மின்னோட்டங்களின் விகிதம் 10 எனில், 300 கெல்வினில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 60 மில்லிவோல்ட். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் வேறுபாடு 0.2 மில்லிவோல்ட் கூடும்.

ஆனால் எல்லா டையோடுகளும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஒவ்வொரு வகைக்கும் 1-ஐ ஒட்டிய ஒரு காரணி உண்டு. மின்னழுத்த வேறுபாட்டை அது பெருக்குகிறது. டி.எம்.பி. 423 அக்காரணியை 1.008 என்று எண்ணியே கணக்கிடுகிறது. உண்மையான டையோடின் காரணி 1.018 என்று கொள்வோம். அதன் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ், அதாவது 353 கெல்வின். சில்லு காட்டும் அளவு என்ன?

353 × 1.018 ÷ 1.008 = 356.5 கெல்வின்

அதாவது 83.5 டிகிரி செல்சியஸ். இந்தச் சில்லு 0.0625 டிகிரி வரை நுட்பமாக எண்ணைத் தரவல்லது. அவ்வளவு நுட்பம் இருந்தும் மூன்றரை டிகிரி பிழை! காரணியைத் திருத்தச் சில்லிலேயே வசதி உண்டு. ஆனால் எந்த வகை டையோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சில்லு தானாக அறியாது. யாரேனும் சொல்ல வேண்டும்.

சொல்வது எங்கே?

யு.எஸ்.பி. கருவியைக் கணிப்பொறியில் செருகினால், அது தான் யார் என்று தானே அறிவித்துக்கொள்ளும். உணர்கருவிச் சில்லுகள் அப்படி அல்ல. இரண்டே கம்பிகளின் வழியே, கேட்டால் எண்ணைக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆகவே பலகையில் என்னென்ன, எங்கெங்கே உள்ளன என்பதை ஒரு விவரக் கோப்பில் எழுதிவைக்கின்றனர். இதற்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். இம்முறையின் வேர் 1994ஆம் ஆண்டின் ஐ.இ.இ.இ. 1275 தரத்தில் இருக்கிறது. லினக்ஸ் இயங்கும் எண்ணற்ற சிறு பலகைகள் இதையே நம்பியுள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி, 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டிய சக்தி செயலி சார்ந்துள்ள ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்திலும் இதுவே வழக்கம்.

டி.எம்.பி. 423-க்கான பகுதியைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

சேனல் 0: பெயர் – பலகை.
சேனல் 1: பெயர் – செயலி, காரணித் திருத்தம் – இவ்வளவு.
சேனல் 2: பெயர் – மின்வழங்கி.
சேனல் 3: பயனில் இல்லை.

மூன்று செய்திகளைக் கவனியுங்கள். எண், எந்த வழி என்பதைக் குறிக்கிறது. பெயர், மனிதருக்கு உதவுகிறது. கடைசி வரி, ஒன்றும் இணைக்கப்படாத வழியை மூடிவைக்கிறது. இல்லாவிட்டால் அது வீணாகப் பழுதைக் காட்டிக்கொண்டிருக்கும். இச்சில்லு வகையின் ஒவ்வொரு சேனலுக்கும் இவற்றைத் தனித்தனியே எழுதும் வசதி லினக்ஸுக்காக 2021ஆம் ஆண்டில்தான் எழுதப்பட்டது.

சேனல் 1, 2 ஆகியவற்றின் பெயர்கள் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்? மின்வழங்கி கொதிக்கும், திரையோ செயலி சூடாகிவிட்டது என்று சொல்லும். இரவுப் பணியில் இருப்பவர் பெட்டியைத் திறந்து நல்ல பகுதியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். உணர்கருவியில் குறை ஒன்றுமில்லை, அளவும் சரியே. பெயர்தான் பொய்!

எழுதாமல் விட்டாலும் பிழையே

வெப்பநிலைக்குச் சொன்னது மின்னோட்டத்துக்கும் பொருந்தும். ஐ.என்.ஏ. 3221 என்ற சில்லுக்கு மூன்று சேனல்கள். ஒவ்வொன்றும் ஷண்ட் என்னும் மிகச் சிறு மின்தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அளக்கும். ஓமின் விதிப்படி அதை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். மின்தடையின் மதிப்பைக் கோப்புதான் சொல்ல வேண்டும்.

கோப்பில் ஒன்றும் எழுதாவிட்டால்? லினக்ஸ் அதை 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்கிறது. பலகையில் உண்மையில் இருப்பது 5 மில்லி ஓம் எனக் கொள்வோம். 2 ஆம்பியர் ஓடும்போது 10 மில்லிவோல்ட் தோன்றும். அதை 10 மில்லி ஓமால் வகுத்தால் 1 ஆம்பியர்! உண்மையில் பாதிதான் தெரிகிறது. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது.

அலகிலும் கவனம் தேவை. இக்கோப்பில் மின்தடையை மைக்ரோ ஓமில் எழுத வேண்டும். 5 மில்லி ஓம் என்பதை 5000 என்று குறிக்க வேண்டும். மறந்து 5 என்று எழுதிவிட்டால், கணக்கில் வரும் மின்னோட்டம் ஆயிரம் மடங்காகிவிடும்.

ஆய்வகக் குறிப்பேட்டில் அலகு இல்லாத எண்ணுக்கு உங்கள் ஆசிரியர் மதிப்பெண் தருவதில்லை அல்லவா? அதே விதிதான் இங்கும். எதை அளந்தோம், எங்கே அளந்தோம், எந்த அலகில், எந்தத் திருத்தத்துடன் என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஓர் எண் அளவீடு ஆகும்.

செய்து பாருங்கள்

1. டையோடின் காரணி 1.004, உண்மை வெப்பநிலை 340 கெல்வின். காரணியைத் திருத்தாத சில்லு என்ன காட்டும்? இப்பிழை மேலே கண்ட பிழையைவிட ஆபத்தானது ஏன்?

2. ஷண்டின் உண்மை மதிப்பு 2 மில்லி ஓம். கோப்பில் உள்ளது 5 மில்லி ஓம். 10 ஆம்பியர் ஓடினால் திரையில் தெரிவது எவ்வளவு?

விடைகள்: 1. ஏறத்தாழ 338.7 கெல்வின். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுவதால் எச்சரிக்கை தாமதமாகும். 2. 4 ஆம்பியர்.